பத்துக் கிலோ எடையைத் தாங்கும் கண்ணாடி நூல்!

"ஏன் தம்பி, கண்ணாடியிலே நூல் இழுத்து, அதிலே நாற்பது கிலோவைக் கட்டித் தொங்க விடுறாங்கன்னு சொன்னா எவன் நம்புவான்? டம்ளர் கை தவறினா சுக்கு நூறாப் போகுது!"

கல்யாணில் என் பக்கத்து வீட்டில் இருக்கும் அண்ணாச்சி இப்படிக் கேட்டார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். இருபத்தைந்து வருடமாகப் பட்டறையில் லேத் மெஷின் ஓட்டுகிறவர். மைக்ரோமீட்டரைக் கையில் பிடித்தால் தலைமுடியின் கனத்தைக்கூடச் சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவரே நம்ப மறுத்தார்.

நானும் முதலில் நம்பவில்லை. நான் படித்தது பத்தாம் வகுப்பு. செய்யும் வேலை ரெயில்வேயில் குமாஸ்தா வேலை. விஞ்ஞானத்துக்கும் எனக்கும் வெகு தூரம். ஆனால் விஷயத்தைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தபோது, இதில் உள்ள கணக்கு நாம் தினமும் போடும் வரவு செலவுக் கணக்குதான் என்று தெரிந்தது. அதனால்தான் இதை எழுதத் துணிந்தேன்.

ஹிங்கோலியில் என்ன வருகிறது?

மராட்டிய மாநிலத்தில் ஹிங்கோலி என்று ஒரு மாவட்டம். பூர்ணாவில் இருந்து அகோலா போகும் ரெயில் பாதையில் 'ஹிங்கோலி டெக்கான்' என்று ஒரு ஸ்டேஷன் உண்டு. அந்த மாவட்டத்தில் ஔண்டா நாகநாத் என்ற ஊர் இருக்கிறது. பன்னிரண்டு ஜோதிர்லிங்கங்களில் ஒன்று என்று மராட்டிய மக்கள் வணங்கும் சிவன் கோவில் அங்கே உள்ளது. மும்பைத் தமிழர்களில் அந்தக் கோவிலுக்குப் போய் வந்தவர்கள் பலர்.

அந்த ஊர்ப் பக்கம்தான் 'லைகோ-இந்தியா' என்ற பெரிய விஞ்ஞானக் கூடம் அமைகிறது. 2016-ம் ஆண்டு பிப்ரவரியில் மத்திய அரசு இதற்குக் கொள்கை அளவில் சம்மதம் கொடுத்தது. 2023-ம் ஆண்டு ஏப்ரலில் 2,600 கோடி ரூபாய் செலவில் கட்ட மந்திரிசபை ஒப்புதல் அளித்தது. 2030-ம் ஆண்டு வாக்கில் கட்டி முடிப்பது என்பது அப்போது சொல்லப்பட்ட இலக்கு.

அமெரிக்காவில் ஹான்போர்டு, லிவிங்ஸ்டன் என்ற இரண்டு இடங்களில் இதே மாதிரி கூடங்கள் இருக்கின்றன. ஆங்கில 'எல்' எழுத்துப் போல இரண்டு நீண்ட குழாய்கள். ஒவ்வொன்றும் 4 கிலோ மீட்டர் நீளம். உள்ளே காற்றே கிடையாது. லேசர் ஒளி ஒரு முனையில் இருந்து மறு முனைக்குப் போய், அங்கே தொங்கும் ஆடியில் பட்டுத் திரும்பி வரும்.

எதற்காக? வான வெளியில் வெகு தொலைவில் இரண்டு கரும் பள்ளங்கள் ஒன்றோடு ஒன்று மோதினால், குளத்தில் கல் எறிந்த மாதிரி ஓர் அலை கிளம்புகிறது. அது பூமியைக் கடக்கும்போது, 4 கிலோ மீட்டர் நீளம் இம்மி அளவு கூடிக் குறைகிறது. இம்மி என்றால் சாதாரண இம்மி அல்ல. ஓர் அணுவின் நடுவே இருக்கும் புரோட்டானின் அகலத்தை விடப் பல நூறு மடங்கு சிறியது! 2015-ம் ஆண்டு செப்டம்பர் 14-ந் தேதி அந்த அலையை முதல் முறையாக அமெரிக்கக் கூடங்கள் பிடித்தன. அது 130 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருந்து வந்த அலை. 2017-ம் ஆண்டு அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது.

இவ்வளவு சின்ன அசைவைப் பார்க்க வேண்டும் என்றால், ஆடி சும்மா ஆடக் கூடாது. பக்கத்தில் லாரி போனாலும், கடல் அலை அடித்தாலும் தரை ஆடும். அந்த ஆட்டம் ஆடிக்குப் போகக் கூடாது. அதனால் அதை ஊஞ்சல் மாதிரி தொங்க விடுகிறார்கள். ஊஞ்சலுக்குள் ஊஞ்சலாக நான்கு அடுக்கு. கடைசி அடுக்கில் தொங்கும் ஆடியின் எடை 40 கிலோ. அதைத் தாங்குவது நான்கே நான்கு கண்ணாடி நூல்கள். ஒரு நூலுக்கு 10 கிலோ.

நூலின் நீளம் 60 சென்டி மீட்டர். கனம் 400 மைக்ரான். அதாவது அரை மில்லி மீட்டர்கூட இல்லை!

இரும்புக் கம்பி போதாதா?

அண்ணாச்சியின் அடுத்த கேள்வி இதுதான். "நல்ல ஸ்டீல் கம்பியிலே தொங்க விட்டா என்ன?"

முதலில் அப்படித்தான் தொங்க விட்டார்கள். அங்கே ஒரு சிக்கல் வந்தது. எந்தப் பொருளாக இருந்தாலும், அதன் சூட்டினால் உள்ளே அணுக்கள் துடித்துக்கொண்டே இருக்கின்றன. கம்பியும் துடிக்கும். அந்தத் துடிப்பு ஆடிக்கும் போகும்.

வெண்கல மணியை ஒரு தட்டுத் தட்டினால் வெகு நேரம் ஒரே சுருதியில் ரீங்காரம் செய்கிறது. மண் கலயத்தைத் தட்டினால் 'தொப்' என்று நின்றுவிடுகிறது. மணி மாதிரி உள்ள பொருளில் துடிப்பு முழுவதும் ஒரே சுருதியில் அடங்கிவிடும். அந்த ஒரு சுருதியை மட்டும் கணக்கில் தள்ளிவிட்டு மற்றதைக் கேட்கலாம். கலயம் மாதிரி உள்ள பொருளில் துடிப்பு எல்லாச் சுருதியிலும் பரவி, காது கொடுத்துக் கேட்க முடியாமல் செய்துவிடும். ஸ்டீல் கம்பியை உருகிய சிலிக்காவோடு ஒப்பிட்டால், சிலிக்காதான் வெண்கல மணி. மிகச் சுத்தமான மணலை உருக்கியது போன்ற கண்ணாடி அது.

அது மட்டும் அல்ல. கீறல் இல்லாத கண்ணாடி நூல், அதே கனமுள்ள நல்ல ஸ்டீல் கம்பிக்குச் சளைத்தது அல்ல. டம்ளர் உடைவதற்குக் காரணம் கண்ணாடியின் பலவீனம் அல்ல. அதன் மேல் உள்ள, கண்ணுக்குத் தெரியாத கீறல்கள்தான். கீறலே இல்லாமல் புதிதாக இழுத்து, கையே படாமல் வைத்திருந்தால், இந்த நூல் 10 கிலோவைப் போல மூன்று மடங்குக்கு மேலும் தாங்கும்.

அம்பு எய்து இழுத்த நூல்

கண்ணாடி நூல் இழுப்பது புதிய வித்தை அல்ல. 1887-ம் ஆண்டிலேயே லண்டனில் சார்லஸ் வெர்னன் பாய்ஸ் என்ற விஞ்ஞானி அதைச் செய்து காட்டினார். அவர் செய்த வேலையைக் கேட்டால் சிரிப்பு வரும். ஒரு வைக்கோல் தண்டில் செய்த அம்பின் வாலில் சிலிக்காத் துண்டை ஒட்டினார். அதைத் தீயில் காட்டி உருக்கினார். உருகியதும் வில்லில் இருந்து அம்பை விட்டார். அம்பு பறந்த வேகத்தில், பின்னால் கண்ணாடி நூல் நீண்டுகொண்டே போனது. அங்குலத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கனத்தில்கூட அவர் நூல் இழுத்தார்.

ஆனால் எந்த இடத்தில் எவ்வளவு கனம் வரும் என்று பாய்ஸ் முன்கூட்டிச் சொல்ல முடியாது. நிறைய இழுத்து, வேண்டியதைப் பொறுக்கி எடுத்துக்கொள்வார். லைகோவுக்கு அப்படி முடியாது. நான்கு நூலும் நான்கு தங்கச்சியைப் போல ஒன்றுபோல் இருக்க வேண்டும்.

ஏன் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 400 மைக்ரான் நூலில் 10 கிலோ தொங்கினால், ஒரு சதுர மில்லி மீட்டருக்கு ஏறக்குறைய 80 கிலோ பாரம் விழுகிறது. நூல் 5 சதவீதம் மெலிந்து 380 மைக்ரான் ஆனால், பாரம் 5 சதவீதம் கூடாது. 11 சதவீதம் கூடும்! 88 கிலோவுக்குப் போய்விடும். கனம் குறைந்தால் பரப்பு அதன் வர்க்கத்தில் குறைகிறது அல்லவா?

இன்னொன்று. பாரம் ஏறியதும் இந்த நூல் சுமார் 6 மில்லி மீட்டர் நீள்கிறது. கண்ணாடி நீளுமா என்று கேட்காதீர்கள், நீள்கிறது. மெலிந்த நூல் அதைவிட அரை மில்லி மீட்டருக்கு மேல் கூடுதலாக நீளப் பார்க்கும். ஒரு பக்கம் தாழ்ந்தால் ஆடி சாய்ந்துவிடும். லேசர் ஒளி 4 கிலோ மீட்டர் தாண்டி எங்கேயோ போய் விழும்.

பாராமதியில் பிறந்தவர் கொடுத்த நெருப்பு

முதலில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் எரியும் தீயில் காட்டித்தான் கண்ணாடி நூல் இழுத்தார்கள். ஜெர்மனியில் உள்ள 'ஜியோ-600' என்ற கூடத்தின் நூல்கள் அப்படி உருவானவைதான். தீ எப்போதும் ஒரே மாதிரி எரியாது. காற்று அசைந்தால் சுடர் அசையும். சுடர் அசைந்தால் நூலின் கனமும் அசையும்.

அதனால் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்து விஞ்ஞானிகள் தீயை விட்டுவிட்டு லேசரைப் பிடித்தார்கள். கார்பன்-டை-ஆக்சைடு வாயுவில் இருந்து வரும் லேசர் அது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் சிலிக்கா அதை அப்படியே குடித்துவிடும். ஜன்னல் கண்ணாடியில் வெயில் ஊடுருவிப் போவது போல அந்த ஒளி ஊடுருவிப் போகாது. மேல் தோலிலேயே நின்று சூடாகிறது. அங்கிருந்து சூடு உள்ளே பரவுகிறது.

இந்த லேசரைக் கண்டுபிடித்தவர் யார் தெரியுமா? நம் மராட்டியத்தில் பாராமதியில் பிறந்து, புனே என்ஜினீயரிங் கல்லூரியில் படித்துவிட்டு அமெரிக்கா போன குமார் படேல்! பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்தபோது 1964-ம் ஆண்டில் இதைக் கண்டுபிடித்தார். பாராமதிப் பக்கம் போகும்போது அடுத்த முறை இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

லேசர் ஒரு பக்கம் இருந்து மட்டும் அடித்தால், அந்தப் பக்கம் உருகும். மறு பக்கம் உருகாது. நூல் வளைந்துவிடும். அதனால் சுழலும் ஆடியும் கூம்பு வடிவ ஆடியும் வைத்து, ஒளியை வளையமாக்கி, சுற்றிலும் ஒரே அளவில் விழச் செய்கிறார்கள். மோதிரம் போட்ட மாதிரி நெருப்பு!

வரவும் செலவும்

இனித்தான் கணக்கு வருகிறது. 3 மில்லி மீட்டர் கனமுள்ள சிலிக்காக் குச்சியை எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு பக்கம் இருந்து அதை மெதுவாக நெருப்பு வளையத்துக்குள் ஊட்டுகிறார்கள். மறு பக்கம் இருந்து வேகமாக இழுக்கிறார்கள். நடுவில் உருகிய இடம் கழுத்து மாதிரி மெலிந்து, நூலாக வெளியே வருகிறது.

நூலின் கனத்தை முடிவு செய்வது எது? சூடு என்றுதான் நானும் நினைத்தேன். அண்ணாச்சியும் அப்படியே நினைத்தார். இல்லை. முடிவு செய்வது வேகம்!

கூட்ஸ் ஷெட்டுக்குள் வந்த மூட்டையும், வெளியே போன மூட்டையும் ஒன்றாக இருந்தால்தான் எங்கள் புத்தகம் சரியாகும். அதே மாதிரி நெருப்புக்குள் எவ்வளவு கண்ணாடி போகிறதோ, அவ்வளவு கண்ணாடி வெளியே வந்தாக வேண்டும். தடித்த குச்சியாக மெதுவாகப் போகிறது. மெல்லிய நூலாக வேகமாக வருகிறது. அவ்வளவுதான்.

3 மில்லி மீட்டருக்கும் 0.4 மில்லி மீட்டருக்கும் விகிதம் ஏழரை. ஏழரையை ஏழரையால் பெருக்கினால் 56¼. ஆகவே, ஊட்டும் வேகத்தைப் போல 56 மடங்கு வேகத்தில் இழுத்தால், 400 மைக்ரான் நூல் வரும். ஒரு சென்டி மீட்டருக்குச் சற்றே கூடுதலான குச்சியில் இருந்து 60 சென்டி மீட்டர் நூல்!

இதில் இன்னொரு நுட்பம். நூலின் இரண்டு முனைகளும் 400 மைக்ரான் இருக்கக் கூடாது. அங்கே 800 மைக்ரான் வேண்டும். ஊஞ்சல் ஆடும்போது நூல் வளைவது முனைப் பக்கம்தான். வளையும் இடத்தில் ஒரு பக்கம் இழுபடும், ஒரு பக்கம் அழுந்தும். அதனால் சூடும் குளிர்ச்சியும் மாறி மாறி உண்டாகி, ஒரு துடிப்பு கிளம்பும். பாரத்துக்கும் கனத்துக்கும் சரியான பொருத்தம் இருந்தால், அந்தத் துடிப்பு தன்னைத்தானே அடித்துக்கொண்டு அடங்கிவிடுகிறது. அந்தப் பொருத்தம் 10 கிலோவுக்கு 800 மைக்ரானில் வருகிறது.

800 மைக்ரானுக்குக் கணக்குப் போட்டால் 14 மடங்கு வேகம். ஆக, முதலில் 14 மடங்கு. பிறகு 56 மடங்கு. கடைசியில் மறுபடியும் 14 மடங்கு. இதைக் கையால் செய்ய முடியாது. கம்ப்யூட்டர்தான் மோட்டார்களுக்கு உத்தரவு போடுகிறது.

"அப்படிச் சொல்லு தம்பி! லேத்திலே நாங்க பார்க்குற ஓட்டமும் ஊட்டமும் மாதிரி!" என்றார் அண்ணாச்சி. முகத்தில் தெளிவு வந்துவிட்டது.

கம்பிப் பதம்

அப்படியானால் சூட்டுக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. வீட்டில் வெல்லப் பாகு காய்ச்சுவதைப் பாருங்கள். பதம் வராவிட்டால் சொட்டும். பதம் தாண்டினால் முறுகி ஒடியும். இரண்டு விரலால் தொட்டு இழுத்தால் கம்பியாக நீள்வதற்கு ஒரு பதம்தான் உண்டு. கண்ணாடிக்கும் அப்படித்தான். சுமார் 2,000 டிகிரி சூட்டில் அது பாகாகிறது.

சூடு குறைந்தால் கழுத்து விறைத்துப்போய், இழுப்பு ஏறி, நூல் அறுந்துவிடும். சூடு கூடினால் கழுத்து தளர்ந்து, சின்ன அசைவுக்கும் நெளியும். லேசரின் சக்தி கூடிக் குறைந்தால், கழுத்தின் நீளமும் கூடிக் குறையும். அந்த நேரத்தில் உள்ளே வந்ததும் வெளியே போனதும் சரியாக இருக்காது. சராசரிக் கனம் சரியாக இருந்தாலும், இடையிடையே கட்டையும் மெலிசுமாக நூல் வரும்.

சூடு இன்னும் அதிகமானால் வேறொரு கேடு. கண்ணாடியே ஆவியாகி, வெள்ளைப் புகையாகப் பறக்கும். கணக்கில் எழுதாத செலவு அது! உள்ளே போனது முழுவதும் வெளியே வராது. நூல் மெலிந்துவிடும். பறந்த புகை நூலிலும் படியும். அதனால் புகையை உடனுக்குடன் உறிஞ்சி எடுக்கிறார்கள். லேசரின் சக்தியையும் கூடாமல் குறையாமல் காவல் காக்கிறார்கள்.

பிரேக் பிடித்தவுடன் நிற்காது

கணக்குச் சரியாக இருந்தாலும் ஒரு தொல்லை உண்டு. நீளமான கூட்ஸ் வண்டியில் டிரைவர் பிரேக் பிடித்தால், கடைசிப் பெட்டிக்கு அது போய்ச் சேரச் சற்று நேரம் ஆகும். இங்கேயும் அப்படித்தான். 14 மடங்கில் இருந்து 56 மடங்குக்கு வேகத்தை மாற்றிய அந்த நொடியிலேயே நூல் 800-ல் இருந்து 400-க்கு வந்துவிடாது. கழுத்தில் ஏற்கனவே உருகி நிற்கும் கண்ணாடி தீர வேண்டும். அதுவரை நூல் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மெலியும்.

ஆகவே வேகத்தை எப்போது, எவ்வளவு மாற்றுவது என்பதைச் செய்து பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள். ஒரு நூல் இழுப்பது, அளப்பது, வேகப் பட்டியலைத் திருத்துவது, இன்னொரு நூல் இழுப்பது. ஒரு தடவை சரியான பட்டியல் கிடைத்துவிட்டால், பிறகு அதே பட்டியலுக்கு அதே நூல் திரும்பத் திரும்ப வரும்.

நம் டெலிபோனும் ரிசர்வேஷன் மெஷினும் நம்பியிருக்கும் கண்ணாடி இழைக்கும் இதே கணக்குதான். ரெயில் பாதை ஓரத்தில் மண்ணுக்கு அடியில் போகிறதே, அந்த கேபிளுக்குள் இருக்கும் இழையின் கனம் 125 மைக்ரான். ஒரு மைக்ரான்கூடப் பிசகக் கூடாது. அங்கே பெரும்பாலும் லேசருக்குப் பதில் உலைதான். 125 மில்லி மீட்டர் கனமுள்ள கண்ணாடித் தூணாக இருந்தால், ஒரு மீட்டர் தூணில் இருந்து 1,000 கிலோ மீட்டர் இழை வரும். மும்பையில் இருந்து சென்னைக்குப் பக்கத்தில் போய்விடலாம்!

அந்த ஆலைகளில் இழை ஓட ஓடவே ஒளியால் கனத்தை அளந்து, இழுக்கும் சக்கரத்தின் வேகத்தைத் திருத்துகிறார்கள். கனம் கூடினால் வேகத்தைக் கூட்டு; குறைந்தால் குறை. 2 சதவீதம் வேகம் கூட்டினால் 1 சதவீதம் கனம் குறையும். ஆனால் அளக்கும் கருவி கழுத்துக்குக் கீழே தள்ளி இருக்கிறது. தப்பு நடந்த பிறகுதான் சேதி வருகிறது. அவசரப்பட்டு அதிகமாகத் திருத்தினால், மெலிந்தது தடிக்கும், தடித்தது மெலியும், ஆட்டம் நிற்காது. பொறுமையாக, அளவாகத் திருத்த வேண்டும். வீட்டுக்கும் ஆபீசுக்கும்கூட இது பொருந்தும் போலிருக்கிறது!

அப்பாவின் தறி

இந்த இடத்தில் என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் அருப்புக்கோட்டை. அப்பா கைத்தறி நெசவாளி. நூல் முதலாளி வீட்டில் இருந்து வரும். சில சமயம் அந்த நூலே கட்டையும் மெலிசுமாக இருக்கும். தறியில் ஏற்றிப் பாவு இழுத்தால், மெலிந்த இடத்தில் பட்டுப் பட்டென்று அறும். அப்பா ஒவ்வோர் இழையாகத் தேடி எடுத்து முடி போடுவார். ஒரு நாள் வேலை மூன்று நாள் ஆகும். சேலையில் முடிச்சுத் தெரிகிறது என்று கூலியில் பிடிப்பார்கள். நூலில் இருந்த குற்றத்துக்கு நெய்தவனுக்குத் தண்டனை!

"தறியில ஏத்துறதுக்கு முன்னாடி யாராவது இதை அளந்து பார்த்திருந்தா?" என்று அப்பா ஒரு தரம் கேட்டார். நான் அப்போது எட்டாம் வகுப்பு. பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது அப்பா இல்லை.

கிளாஸ்கோ விஞ்ஞானிகளின் முறையைப் படித்தபோது எனக்கு அந்தக் கேள்விதான் ஞாபகம் வந்தது. அவர்கள் இழுத்த நூலை அப்படியே தொங்க விடுவதில்லை. கையால் தொடாமல், இரண்டு முனையையும் பிடித்து, காமிரா முன்னால் மேலும் கீழும் நகர்த்தி, முழு நீளத்துக்கும் கனத்தை அளந்து எழுதுகிறார்கள். பிறகு, தாங்க வேண்டிய 10 கிலோவை விடக் கூடுதலான எடையைத் தொங்க விட்டுச் சோதிக்கிறார்கள். தேறினால்தான் ஆடிக்குப் போகும். அங்கே மறுபடியும் லேசரால் பற்ற வைக்கிறார்கள். ஒன்றுபோல் இருக்கும் நான்கு நூல்களைச் சேர்த்து ஓர் ஆடிக்கு வைக்கிறார்கள்.

நூலை முதலில் அளக்கிறார்கள். பாரத்தைப் பிறகுதான் ஏற்றுகிறார்கள்.

இத்தாலியில் அறுந்த நூல்

இவ்வளவு செய்தும் நூல் அறுந்தது உண்டு. இத்தாலியில் பைசா நகரத்துக்குப் பக்கத்தில் 'விர்கோ' என்ற கூடம் இருக்கிறது. அங்கேயும் 42 கிலோ ஆடியைக் கண்ணாடி நூலில் தொங்க விட்டார்கள். தொங்க விட்ட கொஞ்ச நாளில் நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக அறுந்தன. இழுத்தது தப்பா, கனம் தப்பா, பற்ற வைத்தது தப்பா என்று மாதக் கணக்கில் தேடினார்கள்.

கடைசியில் பார்த்தால், குற்றம் நூலில் இல்லை! காற்றை எடுக்கும் பம்பு அமைப்பில் இருந்து வந்த தூசித் துணுக்குகள், கூடத்துக்குள் காற்று விடும்போது பறந்து நூலில் மோதியிருக்கின்றன. ஒரு தூசி பட்ட கீறல், நாற்பது கிலோவைக் கீழே தள்ளிவிட்டது. கண்டுபிடிக்கும்வரை காத்திருக்க முடியாமல், 2017-ம் ஆண்டு ஆகஸ்டில் ஸ்டீல் கம்பியில் தொங்க விட்டுத்தான் விர்கோ அமெரிக்கக் கூடங்களோடு சேர்ந்துகொண்டது. அப்படியும் அந்த மாதமே ஓர் அலையை மூன்று கூடங்களும் சேர்ந்து பிடித்தன. 2018-ம் ஆண்டு தூசிக்கு வழி அடைத்துவிட்டு, மறுபடி கண்ணாடி நூலை மாட்டினார்கள்.

மூன்று இடத்தில் கேட்டதால்தான் அந்த அலை வானத்தில் எந்தத் திசையில் இருந்து வந்தது என்பதைக் கிட்டத்தட்டச் சுட்டிக் காட்ட முடிந்தது. இருட்டில் யாரோ கூப்பிட்டால் இரண்டு காதாலும் கேட்டுத் திசை அறிகிறோமே, அது மாதிரி. பூமியின் இந்தப் பக்கத்தில் ஹிங்கோலியிலும் ஒரு காது வந்துவிட்டால், திசை இன்னும் துல்லியமாகத் தெரியும். நமக்கு அந்தக் கூடம் ஏன் வேண்டும் என்பதற்கு இதுதான் பதில்.

நூல் பிசகாமல்

அந்த வேலைக்குப் பெரிய பெரிய விஞ்ஞானிகள் மட்டும் போதாது. புனேயில் உள்ள வானியல் மையம், இந்தூரில் உள்ள லேசர் ஆராய்ச்சி மையம், காந்திநகரில் உள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிலையம், மும்பையில் உள்ள அணுசக்தித் துறையின் கட்டுமானப் பிரிவு ஆகிய நான்கும் பொறுப்பு ஏற்றிருக்கின்றன. அங்கே பற்ற வைக்கிறவர், மோட்டார் பூட்டுகிறவர், வெற்றிடப் பம்பு பார்க்கிறவர், தூசி துடைக்கிறவர் என்று எத்தனையோ கைகள் தேவைப்படும். கவனமான கைகள் வேண்டும். கல்யாணிலும் தாராவியிலும் அம்பர்நாத்திலும் நம் பிள்ளைகளில் அப்படிப்பட்ட கைகள் இல்லையா என்ன?

அண்ணாச்சியின் மகன் ஐ.டி.ஐ.யில் படிக்கிறான். "அளவு எடுக்கிற பாடம் போரடிக்குது" என்று சலித்துக்கொள்வானாம். அன்று ராத்திரி அண்ணாச்சி தன் பழைய மைக்ரோமீட்டரை எடுத்து வந்தார். என் மேஜையில் இருந்த தூண்டில் நரம்பை அளந்தார். 400 மைக்ரானுக்குச் சற்றுக் கூட வந்தது.

"இதே கனமாடே! இதிலே பத்துக் கிலோ! அதுவும் கண்ணாடி!" என்று மகனிடம் நீட்டினார். பையன் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு அவனே ஒரு தடவை அளந்தான்.

பட்டறையில் 'ஒரு நூல்' என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. "நூல் பிசகாமல் செய்" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். ஹிங்கோலியில் தொங்கப் போகும் நூலின் மொத்தக் கனமே அந்த நூலில் எட்டில் ஒரு பங்குதான். அதிலும் பிசகக் கூடாது என்கிறார்கள். அளந்து பார்த்த பிறகுதான் பாரம் ஏற்றுகிறார்கள்.

அப்பா கேட்டதும் அதைத்தான்.